பாதிதான் என்னுடையது

1997இல் எம்.ஏ. சமூகவியலில் இடம் கிடைத்திருப்பதாக ஊரில் சொன்னபோது ஆளுக்கொரு விளக்கம் வந்தது. மாமா ஒருவர் அதை மனநோய் வைத்தியம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வாத்தியார், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் மரக்கன்று நடுகிற வேலை என்று எல்லோருக்கும் விளக்கினார். அப்பாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "இதப் படிச்சா பி.எட். சேத்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் இல்லாத பாடத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்கு எப்படிப் போவாள் என்ற அவர் கவலை நியாயமானது. கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு முடித்து, சென்னையில் எம்.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பித்து, அங்கே இடமில்லாமல் இந்தத் துறைக்கு வந்தவள் நான். சமூகவியல் என்னை அழைத்தது என்று பின்னாளில் மேடையில் சொல்லிக்கொள்ளலாம். என்னை அழைத்தது காத்திருப்போர் பட்டியல்தான்.

கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அந்தப் படிப்பில் மனப்பாடம் செய்த கோட்பாடுகளில் பெரும்பாலானவை மறந்துபோயின. ஒரு பழக்கம் மட்டும் மறக்கவில்லை. கடைக்காரர் ராத்திரி கல்லாவைக் கவிழ்த்துக் காசைப் பிரிப்பதுபோல, என் பெருமைகளையும் அவமானங்களையும் எடுத்துப் போட்டு, இதில் நான் சம்பாதித்தது எவ்வளவு, எனக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அது. எனக்கு அந்தக் கணக்கு முதலில் அவமானத்திலிருந்துதான் தொடங்கியது.

வகுப்பில் முதல் சில மாதங்கள் நான் வாயே திறக்கவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழ்வழியில் படித்தவள். பேராசிரியை சொல்வதைக் காதில் விழுந்தபடி தமிழெழுத்தில் குறித்துக்கொண்டு, விடுதிக்கு வந்து அகராதியோடு உட்காருவேன். மொழியைக்கூடச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. சென்னைக் கான்வென்ட்களில் படித்துவந்த தோழிகளின் தைரியம்தான் என்னை மிரட்டியது. ஆசிரியை பேசிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி, "எனக்கு அப்படித் தோன்றவில்லை, மேடம்" என்பார்கள். ஆசிரியரிடம் அப்படிச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அந்தப் பெண்கள் அப்பாவோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அன்றைய செய்தித்தாளைப் பற்றி வாதாடி வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் அப்பா சாப்பிடும்போது நாங்கள் ரசம் கேட்பாரா, மோர் கேட்பாரா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். அவர்கள் கெட்டிக்காரிகள், நான் மந்தம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

கல்விச் சமூகவியல் தாளில் பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். அவரும் சக ஆய்வாளர் பாஸ்ரோனும் சேர்ந்து 1964இல் வெளியிட்ட 'வாரிசுகள்' என்ற நூல், பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது. கல்லூரிக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, தேர்வுத்தாளும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் படித்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சு, ரசனை, சபைக்கூச்சமின்மை ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். கல்வி நிலையம் அந்தக் குடும்பச் சொத்துக்குத் திறமை என்று பெயர் வைத்து மதிப்பெண் போடுகிறது என்பது அவர்களின் வாதம். பூர்தியூவின் அப்பா தென்மேற்கு பிரான்ஸில் ஒரு சிற்றூரில் தபால் ஊழியர் என்று பேராசிரியை போகிற போக்கில் சொன்னார். எனக்கு அது போகிற போக்கில் கேட்கும் செய்தியாக இல்லை. பாரிஸின் பெரிய கல்விக்கூடங்களில் அந்தத் தபால்காரர் மகன் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார், எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பார் என்று யோசித்தேன்.

என் கூச்சத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. அது என் மூளையின் குறை இல்லை. நான் வளர்ந்த வீட்டுக்கும் நான் வந்து சேர்ந்த வகுப்பறைக்கும் நடுவே இருந்த தூரம். இதைத் தெரிந்துகொண்டதால் ஆங்கிலம் தானாக வந்துவிடவில்லை. அகராதியும் ராத்திரி விளக்கும் தொடர்ந்தன. ஆனால் அதுவரை அழுகையோடு படித்தவள் அதன்பிறகு வேலையாகப் படித்தேன். இரண்டாம் பருவத்தில் ஒருநாள் கையைத் தூக்கி, கலப்பு ஆங்கிலத்தில், "எங்க ஊருல அப்படி இல்ல மேடம்" என்றேன். பேராசிரியை உட்காரச் சொல்லவில்லை. எப்படி என்று கேட்டார்.

எங்கள் ஊரைப் பற்றி வகுப்பில் பேசலாம் என்பது தெரிந்த பிறகு படிப்பின் ருசியே மாறிவிட்டது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஆந்த்ரே பெத்தேயின் 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற ஆங்கில நூலை எடுத்தேன். 1965இல் வந்த புத்தகம். பெத்தே வங்காளத் தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்தவர், சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸின் மாணவர். 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து எழுதினார். அக்கிரகாரம், குடியானத் தெருக்கள், சேரி என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும் ஊர். படித்துக்கொண்டே போனால் நான் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி நடப்பதுபோல இருந்தது. காத்லீன் கஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1951 முதல் இதே தஞ்சை மண்ணில், கும்பாப்பேட்டை என்று அவர் பெயரிட்ட ஊரில், ஆய்வு செய்திருக்கிறார் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நான் பிறப்பதற்கு வெகு முன்பே எங்கள் தெருக்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிப் பாடத்தில் தஞ்சாவூர் என்றால் பெரிய கோயிலும் நெற்களஞ்சியமும்தான்.

பெத்தே சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். முன்பெல்லாம் சாதியில் மேலே இருந்தவர்களிடமே நிலமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. பிறகு அந்த மூன்றும் மெல்லப் பிரியத் தொடங்கின. அக்கிரகாரத்துக்காரர்கள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நகரங்களுக்குப் போனார்கள், நிலத்தை விற்றார்கள். நிலம் சந்தைக்கு வந்தது. பஞ்சாயத்து அதிகாரம் குடியானத் தெருவுக்கு மாறியது.

இதைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். காரணம் எங்கள் தாத்தா.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தாத்தா அக்கிரகாரத்து வீடு ஒன்றுக்குக் குத்தகைக்காரர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ராப்பகலாக உழைத்து ஐந்து ஏக்கர் நஞ்சையைச் சொந்தமாக்கினார். கல்யாணமோ கருமாதியோ, எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தக் கதை வரும். படிக்காத பிள்ளைக்கும் சொல்வார்கள், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தின் பெருமை முழுவதும் அந்த ஐந்து ஏக்கரின் மேல்தான் நின்றது.

விடுமுறைக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டு இரும்புப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 1958ஆம் ஆண்டுப் பத்திரம். எழுதிக் கொடுத்தவரின் இருப்பிடம் பம்பாய், மாதுங்கா என்றிருந்தது. அந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் வந்த சட்டங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம், நன்செய் விளைச்சலில் நிலச்சொந்தக்காரரின் பங்கை 40 சதவீதமாகக் கட்டியது. அடுத்து நில உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சு. அது 1961இல் வந்தும் விட்டது. மாதுங்காவில் உத்தியோகத்தில் இருப்பவருக்கு, வெளியேற்ற முடியாத குத்தகைக்காரர் உட்கார்ந்திருக்கும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன லாபம்? அந்த நிலத்தை வாங்கும் இடத்தில் நின்றவர் குத்தகைக்காரர். தாத்தா வாயைக் கட்டியது உண்மை. ஆனால் அவருக்குப் பதினைந்து வருடம் முன்பு அவருடைய அப்பாவும் அதே வயலில் வாயைக் கட்டித்தான் கிடந்தார். அவருக்கு ஒரு குழிகூடக் கிடைக்கவில்லை.

சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1959இல் எழுதிய புத்தகம் சமூகவியல் படிக்கும் எல்லோருக்கும் முதல் வாசல். தனி மனிதனின் வாழ்க்கைக் கதையும் சமூகத்தின் வரலாறும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பதே இந்தத் துறையின் வேலை என்பார் அவர். ஒரு நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலையில்லை என்றால் அவன் குணத்தையும் திறமையையும் ஆராயலாம். கோடிக்கணக்கானவர்களுக்கு வேலையில்லை என்றால் நாட்டை ஆராய வேண்டும் என்பது அவருடைய புகழ்பெற்ற உதாரணம். தேர்வுக்காக அதை எழுதிப் பழகியிருந்தேன். அது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்குள்ளும் இருக்கும் என்று அதுவரை நினைக்கவில்லை.

உறவுமுறைத் தாளுக்காக அவரவர் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து வரச் சொன்னார்கள். முக்கோணம் ஆண், வட்டம் பெண், நடுவே இரண்டு கோடு போட்டால் கல்யாணம். அப்பாயியை உட்கார வைத்துக் கேட்டேன். ஆண்வழியில் ஐந்து தலைமுறைக்குப் பெயர் மளமளவென்று வந்தது. யார் எந்த வயலுக்காக யாரிடம் சண்டை போட்டார் என்பதுகூட வந்தது. பெண்களின் பக்கம் வந்ததும் கதை நின்றுவிட்டது. அப்பாயியின் அம்மாவைப் பெற்றவளைக் கேட்டேன்.

"அவுகள வலங்கைமான்காரின்னுதான் சொல்லுவாங்க."

"பேரு தெரியாதா அப்பாயி?"

"பேரச் சொல்லி யாராச்சும் கூப்புட்டிருந்தாத்தானே தெரியும்?"

வரைபடத்தில் முக்கோணங்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. மேலே போகப் போக வட்டங்கள் பெயரில்லாமல் காலியாக நின்றன. சிலவற்றின் கீழே பிறந்த ஊரின் பெயர் மட்டும். ஊர்ப் பெயரோடு வந்து, ஊர்ப் பெயரோடு செத்துப்போன பெண்கள்.

அந்தத் தாளில் இன்னொன்றும் தெரிந்தது. மாமன் மகன், அத்தை மகள், அக்காள் மகள் என்று கோடுகள் திரும்பத் திரும்ப உள்ளேயே வளைந்தன. அத்தனை கல்யாணங்களும் ஒரு நாள் நடையில் போய்விடக்கூடிய வட்டத்துக்குள் நடந்திருந்தன. ஒன்றுகூடச் சாதிக்கு வெளியே இல்லை. அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதியைச் சாதியாக வைத்திருப்பது அகமணமே, தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ளும் வழக்கமே, அதைக் காக்கத்தான் பெண்களின் மேல் அத்தனை கட்டுப்பாடு என்று அதில் வாதிட்டார். சாதி என்றால் தீண்டாமை, அது கெட்டவர்கள் செய்வது என்று நான் பள்ளியில் படித்திருந்தேன். அம்பேத்கரைப் படித்துவிட்டு என் தாளைப் பார்த்தபோது, சாதி எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் மஞ்சள் தடவி உட்கார்ந்திருந்தது. பாசம், உறவு விட்டுப்போகக் கூடாது என்ற நல்ல வார்த்தைகளோடுதான் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. காலி வட்டங்களும் உள்ளே வளையும் கோடுகளும் தனித்தனிச் செய்திகள் அல்ல என்பதும் புரிந்தது.

அதே பருவத்தில் ஒருவரின் ஒரு நாளைக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மணிக்கணக்காகக் குறித்துவரும் பயிற்சி இருந்தது. நான் அம்மாவைக் குறித்தேன். கோழி கூவுமுன் எழுந்து வாசல் தெளித்து, சாணி அள்ளி, மாட்டைக் கறந்து, பால் சங்கத்துக்குப் பால் அனுப்பி, சமைத்து, நடவு ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோய், நெல் அவித்துக் காயப்போட்டு, மழை வந்தால் வாரி எடுத்து, மறுபடி கறந்து, மறுபடி சமைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு முடிப்பவர் அவர். அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியதில் என் கை வலித்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர், "வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்க, "சும்மா வீட்லதான் இருக்கா" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஊதியமில்லாமல் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் செய்யும் வேலையையும் கேட்டு எழுத வேண்டும் என்று அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் கேள்வியையே திருத்தியிருந்தார்கள். கேள்வியைத் திருத்தினார்கள், பதில் சொல்பவர் பழைய ஆள். அம்மாவும் உள்ளேயிருந்து அதை மறுக்கவில்லை.

நாங்கள் அந்தப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்த காலத்தில்தான், 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை, இந்தியாவின் முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. பிறகு நாடு முழுவதற்கும் 2019இல் எடுத்த ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகச் சொன்னது. அந்த எண்ணைச் செய்தியில் பார்த்தபோது நான் அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "தொண்ணூத்தேழு நிமிசமா? யாரு வூட்டு ஆம்பள அது?" என்றார்.

எம்.ஏ. கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. நடவுக்குப் போகும் பெண்களின் வேலையும் கூலியும் என்று தலைப்பு எடுத்தேன். எங்கே செய்யப் போகிறாய் என்று கேட்டார் நெறியாளர். எங்கள் ஊரில் என்றேன். அவர் எம்.என். சீனிவாஸ் கதையைச் சொன்னார். மைசூருக்குப் பக்கத்தில் ராம்புரா என்று அவர் பெயரிட்ட ஊரில் 1948இல் ஆய்வு செய்து, வருடக்கணக்கில் ஒழுங்குபடுத்திய குறிப்புகள் 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. பிறகு நினைவிலிருந்தே ஊரை எழுதி 1976இல் புத்தகமாக்கினார். "அவருக்கு அந்த நினைவு இருந்தது. உனக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கார்பன் வைத்து எழுது" என்றார் நெறியாளர். வகுப்பில் எல்லோரும் கார்பன் தாள் வாங்கினோம்.

எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். கூப்பிட்டால் கேட்கும் தூரம். எங்கள் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்த பெண்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் எங்கள் கொல்லைப்புறத்துக்கு வருவார்கள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. போகக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதாகவும் நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அது ஊரின் அமைப்பிலேயே இருந்தது. அந்த வாய்க்காலை முதல் தடவை தாண்டியது கையில் கேள்வித்தாளோடுதான்.

வயதான ஒரு அம்மா திண்ணையில் இருந்து கேட்டார்: "நீங்க யாரு வூட்டுப் பொண்ணு, ஆயி?"

சொன்னேன். அதன்பிறகு எல்லா வீட்டிலும் ஒரே பதில். கூலி சரியாகத் தருகிறார்கள், குறை ஒன்றுமில்லை, உங்கள் வீட்டில் கொடுப்பது போல வருமா. எழுதி நிறைந்த தாள்களை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். நெறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாத் தாளும் ஒன்றுபோல இருப்பதே உன் முதல் கண்டுபிடிப்பு, அது ஏன் என்று ஓர் அத்தியாயம் எழுது என்றார். பெத்தே அக்கிரகாரத்தில் தங்கியதையும், அதனால் ஊர் அவரை அந்தத் தெருவோடு சேர்த்தே பார்த்ததையும், அவர் சேரிக்குப் போவது இரு தரப்புக்கும் சங்கடமாக இருந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை முதலில் படித்தபோது அவசரமாகத் தாண்டிப் போயிருந்தேன். இப்போது நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பதில் வரும். எங்கள் குடும்பத்தை அறியாத வேறொரு ஊரில் அதே கேள்வித்தாளைக் கொண்டுபோனபோது, நடவுக் கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம், முன்பணத்துக்காகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வது, தூமை நாளிலும் சேற்றில் நிற்பது எல்லாம் பதிலாக வந்தன.

எங்கள் ஊர்க் காலனிக்கும் திரும்பத் திரும்பப் போனேன். தாள் இல்லாமல் போன ஒரு நாளில், முதலில் என்னை விசாரித்த அந்த அம்மாவே பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒங்க தாத்தாவும் எங்கூட்டு மனுசனும் ஒரே வயல்லதான் நின்னாங்க, ஆயி. ஒங்க தாத்தா கையில குத்தகைச் சீட்டு இருந்துச்சு. எங்க கையில என்னா இருந்துச்சு?"

அவர் குற்றம் சாட்டவில்லை. வெற்றிலையை மடித்தபடி ஒரு விவரத்தைச் சொன்னார். ஆனால் எங்கள் குடும்பக் கதையில் இல்லாத ஆள் அங்கே வந்து நின்றுவிட்டார். குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு கொடுத்த சட்டங்கள் அவரை நிலத்தின் வாசல்வரை கொண்டுவந்து விட்டன. பண்ணையாளுக்கு 1952 சட்டம் கொடுத்தது வேலையிலிருந்து விரட்டப்படாமல் இருக்கும் பாதுகாப்பை. நிலம் வாங்கும் வழியை அல்ல. குடியிருந்த மனையே 1971 குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. இதே கீழத்தஞ்சையில், கூலிக்கும் சங்கத்துக்குமான போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த மாவட்டத்திலேயே பிறந்து, வரலாற்றில் பட்டம் வாங்கிய நான், அதை முழுதாகப் படித்தது இந்த ஆய்வேட்டுக்காகத்தான்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எங்கப்பா ஒழைக்கலேங்கிறியா?" என்றார்.

"தாத்தா ஒழைச்சாங்கப்பா. அவங்க பக்கத்துல நின்னவரும் ஒழைச்சாரு. நான் அத மட்டுந்தான் சொல்றேன்."

அப்பா கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்குள் பேச்சு நின்றதும் இல்லை. குடும்பக் கதையை ஆராய்வதும் குடும்பத்தை மறுப்பதும் வேறு வேறு என்று அவரிடம் வாதாடி வாதாடித்தான் எனக்கே தெளிவாயிற்று.

படிப்பு முடிந்ததும் அப்பா பயந்தபடியே வேலை உடனே கிடைக்கவில்லை. தேர்வாணையத் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்தேன். சில காலம் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கணவனால் கைவிடப்பட்டவர் என்று ஒரு பிரிவு உண்டு. புருஷன் எங்கேயோ போய்விட்டான் என்று வரும் பெண்ணிடம், அவன் உன்னைக் கைவிட்டான் என்று நிரூபி என்கிறது விண்ணப்பம். அந்தக் கட்டத்துக்குள் அடங்காத வாழ்க்கையோடு வருகிறவர்கள்தான் அதிகம். விதியை நான் மாற்ற முடியாது. ஆனால் எதிரே நிற்பவர் விவரமில்லாதவர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அந்தத் தாளை எழுதியவர் எந்த மாதிரிக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதினார் என்று கேட்டுக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. என் இருக்கைக்கு வந்து நிற்பவர் என்னிடம் எந்தப் பதிலைச் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பதை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கற்றுக்கொண்டுவிட்டேன்.

இந்தப் படிப்பில் ஒரு வசதியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எல்லாம் அமைப்பின் குற்றம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். அப்படிப் பேசும் படிப்பாளிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் மட்டும் 97 நிமிடக் கணக்குக்கே வரமாட்டார்கள். என் கூச்சத்தில் பாதி எனக்கு வந்து சேர்ந்தது என்றால், மீதிப் பாதிக்கு அகராதி எடுத்து உட்கார வேண்டியவள் நான்தான். என் குடும்பப் பெருமையில் பாதி சட்டத்தாலும் காலத்தாலும் வந்தது என்றால், அந்தக் கதையை என் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது என் கையில்தான் இருக்கிறது. என் மகளுக்கு ஐந்து ஏக்கர் கதையைப் பக்கத்தில் நின்றவரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சமூகவியல் படிக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. எந்தப் படிப்பு படித்திருந்தாலும் இரண்டு காரியங்களைச் செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரை உட்கார வைத்து, குடும்பத்துப் பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் வட்டங்கள் காலியாகவே நிற்கும். பிறகு வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அந்த மண் யாரிடமிருந்து எந்த வருடம் உங்களுக்கு வந்தது, அதற்கு முன்பு அதில் உழைத்தவர் யார் என்று பாருங்கள். பத்திரம் இல்லாத வீடாக இருந்தால் அது ஏன் இல்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விதி, தலையெழுத்து என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.